‘வேண்டாம்’ என்று கிளிக் செய்தேன், அழிந்துவிட்டது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் ஒரு சிறிய கட்டம் உண்டு. ஏதாவது ஒன்றை அழிக்கப் போனாலோ, சேவ் செய்யாமல் மூடப் போனாலோ, திரையின் நடுவில் வந்து நின்று “நிச்சயமாகத்தானா?” என்று கேட்கும். கீழே இரண்டு அல்லது மூன்று பட்டன்கள் இருக்கும். இதற்கு டயலாக் பாக்ஸ் என்று பெயர். நம்மிடம் பேசுகிறது, பதில் கேட்கிறது. அதனால்தான் அந்தப் பெயர்.

இந்தக் கட்டத்தைப் பார்த்துப் பயப்படாத புதியவர்கள் குறைவு. பயந்தாலும் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘கேன்சல்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ கிளிக் செய்துவிட்டால் ஒன்றும் ஆகாது, தப்பித்துவிடலாம் என்பதே அது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியது புரோகிராம் எழுதுபவரின் பொறுப்பு. சென்ற தீபாவளிக்கு முன் நான் எழுதிய புரோகிராம் ஒன்று அதைக் காப்பாற்றவில்லை. பலியானது என் அக்கா. அந்தக் கதையையும், அதைச் சரி செய்யப் போனபோது நான் கற்றுக் கொண்டதையும் இந்த இதழில் சொல்கிறேன். நீங்கள் புரோகிராம் எழுதுபவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பிரவுசரில் வரும் கட்டங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்துக் கொள்ளலாம்.

அளவு நோட்டும் கம்ப்யூட்டரும்

அக்கா விருதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறார். பெண்களுக்கான ஜாக்கெட், சுடிதார். பல வருடங்களாக ஒவ்வொரு வாடிக்கையாளரின் அளவையும் நீள நோட்டில்தான் எழுதி வைத்திருந்தார். தோள், கை நீளம், மார்புச் சுற்று, இடுப்பு, கழுத்து இறக்கம் என்று ஒரு பக்கத்துக்கு ஒருவர். நோட்டு கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, ஆள் வந்து நிற்கும்போது பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும், “இந்த நோட்டை அதுல ஏத்திக் குடுடா தம்பி” என்றார்.

பிரவுசரில் திறக்கும் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எழுதியது ஆங்குலர் என்ற கருவியை வைத்து. கூகுள் நிறுவனம் வெளியிட்டது. 2010-ல் முதல் வடிவம் வந்தது. 2016-ல் முழுவதுமாக மாற்றி எழுதினார்கள். பட்டன், கட்டம், பட்டியல் போன்றவற்றைத் தயார் நிலையில் தரும் ‘ஆங்குலர் மெட்டீரியல்’ என்ற தொகுப்பும் அதற்கு உண்டு. டயலாக் பாக்ஸை அதிலிருந்துதான் எடுத்துக் கொண்டேன்.

திரையில் வாடிக்கையாளர் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சில் படம் ஒன்று, குப்பைத் தொட்டி படம் ஒன்று. பென்சில் திருத்துவதற்கு, தொட்டி நீக்குவதற்கு. தொட்டியைக் கிளிக் செய்தால் பெயரைச் சொல்லி “இந்த வாடிக்கையாளரை நீக்கலாமா?” என்று கட்டம் கேட்கும். ‘வேண்டாம்’, ‘நீக்கு’ என்று இரண்டு பட்டன்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது என் முதல் தவறு. மவுஸ் பிடித்துப் பழகாத கை பென்சிலைக் குறி வைத்தால் தொட்டியில்தான் போய் விழும். கட்டம்தான் கேட்கிறதே, என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் வந்தது. “டேய், மூணு பேரோட அளவு காணோம்டா. நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல.”

“தொட்டி படத்த அமுக்குனியா?”

“கை தவறி அமுக்கினேன். ஆனா கேட்டப்ப வேண்டாம்னுதான்டா அமுக்கினேன்.”

நான் நம்பவில்லை. ‘நீக்கு’ பட்டனைத்தான் அழுத்தியிருப்பார், நினைவில்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். புரோகிராம் எழுதுகிற எல்லோருக்கும் உள்ள திமிர் இது. அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சோதித்தேன். தொட்டியைக் கிளிக் செய்தேன், கட்டம் வந்தது, எஸ்கேப் கீயைத் தட்டினேன், கட்டம் மறைந்தது. பெயர் அப்படியே இருந்தது. “பாரு, ஒண்ணும் அழியலையே” என்றேன். நான்கைந்து முறை செய்து காட்டினேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது. “அப்ப என் தப்புதான்” என்று தையல் மெஷினுக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போதுதான் அக்கா மறுபடி வந்து, “நான் அந்தக் கீயெல்லாம் தட்ட மாட்டேன், இத இப்படித்தான் செய்வேன்” என்று மவுஸைப் பிடித்து, தொட்டியைக் கிளிக் செய்து, கட்டம் வந்ததும் மெதுவாக ‘வேண்டாம்’ பட்டனுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோய்க் கிளிக் செய்தார். நான் பார்த்துக் கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. அது நான் சோதனைக்காகப் போட்டிருந்த என் பெயர், அதனால் நஷ்டமில்லை. ஆனால் முன்பு போன மூன்று பேரில் ஒருவர் கல்யாணப் பெண். முகூர்த்தத்துக்கு ஆறு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுத் தாம்பரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். புதிதாக வந்த வாடிக்கையாளர் என்பதால் பழைய நோட்டிலும் அவர் அளவு இல்லை.

கட்டத்துக்கு யார் எதைத் தருகிறார்கள்?

என்ன நடந்தது என்று புரிய, டயலாக் பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

தையல் கடையையே எடுத்துக் கொள்ளுங்கள். தையல்காரர் துணி நெய்வதில்லை, கடைக்குப் போய்த் துணி வாங்குவதும் இல்லை. வாடிக்கையாளர் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். கொடுத்ததை வைத்துத் தைக்கிறார். புரோகிராமிலும் ஒரு பகுதி தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக் கொள்ளாமல் வெளியிலிருந்து வாங்கிக் கொள்ளும் முறை இருக்கிறது. இதற்கு ‘டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர். ஊசி போடுவது போல உள்ளே செலுத்துவதால் இன்ஜெக்‌ஷன். 2004-ல் மார்ட்டின் ஃபௌலர் என்பவர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பரவலானது.

என் டயலாக் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வருபவை இரண்டு. ஒன்று, ‘மேட் டயலாக் டேட்டா’. யாரை நீக்கப் போகிறோம் என்ற பெயரும் எண்ணும் இதில் வரும். அளவு ஜாக்கெட் மாதிரி. இன்னொன்று, ‘மேட் டயலாக் ரெஃப்’. இது கட்டத்தின் கதவுப் பிடி. இதைப் பிடித்துத்தான் கட்டம் தன்னை மூடிக் கொள்ளும். மூடும்போது ஒரு பதிலையும் வெளியே அனுப்பும். ‘நீக்கு’ என்றால் ட்ரூ, ‘வேண்டாம்’ என்றால் ஃபால்ஸ். கட்டத்தைத் திறந்த பக்கம், அதாவது வாடிக்கையாளர் பட்டியல், அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் ட்ரூ என்றால் நீக்கும், இல்லையென்றால் சும்மா இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, நீக்கும் வேலையைக் கட்டம் செய்வதில்லை. அது கேட்டுச் சொல்லும் தூதுவன் மட்டும்தான். தூதுவன் போய் மாற்றிச் சொன்னால்?

பச்சை நிறத்தை நம்பிய கதை

“எழுதியவுடன் சோதித்துப் பார்க்கவில்லையா?” என்று கேட்பீர்கள். சோதித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

புரோகிராமைச் சோதிக்க இன்னொரு சிறிய புரோகிராம் எழுதி வைப்பது இப்போது எல்லோரிடமும் உள்ள பழக்கம். ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பிரித்தெடுத்துச் சோதிப்பதால் இதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். ஜாவா மொழிக்கான புகழ்பெற்ற ஜேயூனிட் கருவியை கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவரும் 1997-ல் ஸூரிக்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் விமானத்தில் உட்கார்ந்தே எழுத ஆரம்பித்தார்கள் என்பது இந்தத் துறையில் பிரபலமான கதை. நான் பயன்படுத்தியது ஜாஸ்மின் என்ற கருவி. ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாச் சோதனைகளும் ஓடும். சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு.

டயலாக் பாக்ஸைத் தனியாகப் பிரித்துச் சோதிக்கப் போனால் முதலில் எல்லோருக்கும் ஒரே சிவப்புச் செய்திதான் வரும். ‘மேட் டயலாக் ரெஃப் தருவதற்கு யாரும் இல்லை’ என்ற பொருளில் இருக்கும். காரணம் எளிது. உண்மையான புரோகிராமில் கட்டத்தைத் திறக்கும்போது ஆங்குலர் மெட்டீரியல் அந்தக் கதவுப் பிடியையும் தகவலையும் தயார் செய்து உள்ளே கொடுக்கும். சோதனையில் நாம் கட்டத்தை முறைப்படி திறப்பதில்லை, நேரடியாக உருவாக்குகிறோம். வாடிக்கையாளரே வராமல் தையல்காரரை மட்டும் உட்கார வைத்த மாதிரி. துணி எங்கே என்று கேட்கத்தானே செய்வார்?

அப்போது நாமே போலியாக ஒன்றைத் தயார் செய்து கொடுக்க வேண்டும். தையலில் புது மாடல் வெட்டிப் பார்க்க பட்டுத் துணியை எடுக்க மாட்டார்கள், காடாத் துணியில் வெட்டிப் பார்ப்பார்கள். அதே போலத்தான். இந்தப் போலிக்கு ‘மாக்’ என்று பெயர்.

நான் என்ன செய்தேன்? சிவப்புச் செய்தியை நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில், இரண்டுக்கும் பதிலாக ஒன்றுமே இல்லாத வெற்று அடைப்புக்குறிகளைக் கொடுத்தேன். உள்ளே எதுவும் கிடையாது. மூடுகிற வசதியே இல்லாத கதவுப் பிடி, பெயரே இல்லாத தகவல். ஆங்குலர் கேட்டது ‘ஏதாவது ஒன்று’. கொடுத்துவிட்டேன், செய்தி போய்விட்டது. இதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். ஆங்குலர் கருவி புதிய பகுதியை உண்டாக்கும்போதே ஒரு சோதனையையும் தானாக எழுதித் தரும். ‘இந்தப் பகுதி உருவாகிறதா?’ என்று மட்டும் பார்க்கும் சோதனை அது. கட்டம் உருவானது. பச்சை வந்தது. காபி குடிக்கப் போய்விட்டேன்.

அந்தப் பச்சைக்கு அர்த்தம், கட்டம் பிறந்திருக்கிறது என்பது மட்டுமே. ‘வேண்டாம்’ என்றால் என்ன பதில் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. அந்த வெற்றுப் போலியை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தியிருந்தால் மூடுவதற்கு வழியில்லை என்று சோதனையே சிவப்பில் விழுந்திருக்கும். அழுத்தவே இல்லை என்பதால் விழவும் இல்லை.

ஃபால்ஸ் என்று எழுதிய தாள்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போலிகளை ஒழுங்காகச் செய்தேன். தகவலுக்குப் பதிலாக உண்மையான மாதிரிப் பெயர் ஒன்று. கதவுப் பிடிக்குப் பதிலாக ஜாஸ்மின் தரும் ‘ஸ்பை’. இது ஓர் ஒற்றன்தான். மூடு என்று யார் சொன்னாலும் உண்மையில் எதையும் மூடாது. எத்தனை முறை சொன்னார்கள், என்ன பதிலோடு சொன்னார்கள் என்று குறித்து வைத்துக் கொள்ளும். பிறகு சோதனைக்குள்ளேயே ‘வேண்டாம்’ பட்டனைக் கிளிக் செய்ய வைத்து, ஃபால்ஸ் என்ற பதிலோடு மூடப்பட்டதா என்று கேட்டேன்.

சிவப்பு. ஒற்றன் தந்த செய்தி இப்படி இருந்தது. எதிர்பார்த்தது: ஃபால்ஸ். வந்தது: ‘ஃபால்ஸ்’.

ஒன்றுதானே என்று முதலில் எனக்கும் குழப்பம். இரண்டாவது சொல்லைச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகளைப் பாருங்கள். முதலாவது இல்லை என்ற நிலை. இரண்டாவது அப்படி எழுதப்பட்ட வெறும் எழுத்துகள். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து உள்ள ஒரு சொல், அவ்வளவுதான்.

பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி ஒரு பதிலை ஆமா, இல்லையா என்று பார்க்கும்போது எழுத்துகளைப் படித்துப் பார்ப்பதில்லை. கவருக்குள் தாள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும், அவ்வளவே. கவர் காலியாக இருந்தால் இல்லை. தாள் இருந்தால் ஆமாம். அந்தத் தாளில் ‘பணம் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் அதற்கு ஆமாம்தான்! ஆக, அக்கா ‘வேண்டாம்’ என்று அழுத்தியபோது தூதுவன் ‘வேண்டாம்’ என்று எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பட்டியல் பக்கம் தாளைத் தடவிப் பார்த்தது, இருக்கிறது, நீக்கிவிட்டது.

இந்தத் தாள் எப்படி வந்தது? ஆரம்பத்தில் பட்டனுக்குத் தனி ஃபங்ஷன் எழுதி முறையாகத்தான் ஃபால்ஸ் அனுப்பினேன். பிறகு ஒரு நாள் புரோகிராமைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்து, ஆங்குலர் மெட்டீரியல் தரும் ‘மேட் டயலாக் குளோஸ்’ என்ற குறுக்கு வழிக்கு மாற்றினேன். பட்டனுக்குள் அந்தச் சொல்லைப் போட்டு, அனுப்ப வேண்டிய பதிலை எழுதினால் போதும், தனி ஃபங்ஷன் வேண்டாம். அந்தச் சொல்லைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி போட்டால், எழுதியதை ஆங்குலர் கணக்கிட்டு அதன் மதிப்பை அனுப்பும். அடைப்புக்குறி இல்லையென்றால் எழுத்து எழுத்தாக அப்படியே அனுப்பும். நான் அடைப்புக்குறி போடவில்லை. இரண்டு குறிகள். பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பதிலில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று கருவி அனுமதிப்பதால் எச்சரிக்கையும் வரவில்லை.

சரி, நான் எஸ்கேப் தட்டியபோது ஏன் அழியவில்லை? எஸ்கேப் தட்டினாலோ, கட்டத்துக்கு வெளியே கிளிக் செய்தாலோ அந்தக் கட்டம் எந்தப் பதிலும் இல்லாமல் மூடிக் கொள்ளும். காலிக் கவர். காலி என்றால் இல்லை. நான் வருடக் கணக்காகக் கட்டங்களை எஸ்கேப் தட்டியே மூடிப் பழகியவன். ‘வேண்டாம்’ பட்டன் மீது என் மவுஸ் போனதே இல்லை.

போலியே பொய் சொன்னால்

இன்னொரு விஷயம் என்னை உறுத்திக் கொண்டே இருந்தது. பட்டியல் பக்கத்துக்கு நான் உண்மையிலேயே நல்ல சோதனை எழுதியிருந்தேன். அங்கே போலி டயலாக் ஒன்றைக் கொடுத்து, அது ட்ரூ என்று பதில் தந்தால் நீக்குகிறதா, ஃபால்ஸ் என்று தந்தால் சும்மா இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்திருந்தேன். இரண்டும் பச்சை. ஆனால் அந்தப் போலி, நான் மனதில் நினைத்திருந்த டயலாக். அது சுத்தமான ஃபால்ஸைத் தந்தது. உண்மையான டயலாக் தாளில் எழுதித் தந்தது. போலி என்பது நிஜம் எப்படி நடக்கும் என்று நாம் நினைக்கிறோமோ அப்படித்தான் நடக்கும். நம் நினைப்பே தவறாக இருந்தால் போலியும் சேர்ந்து தவறும், பச்சையும் எரியும். கை ஒரு மேஜையில், உடல் ஒரு மேஜையில் என்று தனித்தனியாகத் தைத்து, அளவு சரிபார்த்து, இணைத்துப் பார்க்காமலே ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பிய கதை.

அதனால் இப்போது மூன்றாவதாக ஒரு சோதனையும் வைத்திருக்கிறேன். இதில் டயலாக்குக்குப் போலி கிடையாது. பட்டியல் பக்கம் நிஜமாகவே தொட்டியைக் கிளிக் செய்யும், நிஜக் கட்டம் திறக்கும், நிஜப் பட்டனைக் கிளிக் செய்யும். போலியாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: சர்வரில் போய் நீக்குகிற பகுதி. அதன் இடத்தில் ஓர் ஒற்றன் உட்கார்ந்து, ‘என்னை யாரும் கூப்பிடவில்லை’ என்று சொன்னால்தான் பச்சை.

இதை எழுதும்போது கட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு தொல்லை. ஆங்குலர் மெட்டீரியல் டயலாக்கைப் பட்டியல் பக்கத்துக்குள் வரையாது. எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கும் தனி அடுக்கில் வரையும். பட்டியலுக்குள் தேடினால் கிடைக்காது, முழுப் பக்கத்தின் வேரிலிருந்து தேட வேண்டும். 2020-ல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து இதற்காக ‘ஹார்னஸ்’ என்ற துணைக் கருவிகள் தருகிறார்கள். வேரிலிருந்து தேடிக் கட்டத்தைப் பிடித்து, பட்டனை அதன் மேல் எழுதியுள்ள சொல்லை வைத்தே கிளிக் செய்யச் சொல்லலாம். ‘வேண்டாம்’ என்ற தமிழ்ச் சொல்லையே கொடுத்தேன், கண்டுபிடித்தது. இந்த வகைச் சோதனை கொஞ்சம் மெதுவாக ஓடும். எல்லாவற்றுக்கும் இதையே எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எதையாவது அழிக்கிற கட்டத்துக்கு எழுதியே ஆக வேண்டும்.

எஸ்கேப் தட்டும் சோதனை ஒன்றும் சேர்த்தேன். என்டர் கீயையும் யோசித்தேன். இந்த டயலாக் திறந்தவுடன் முதலில் இருக்கும் பட்டன் மீது தானாகப் போய் நிற்கும். அந்த நேரம் என்டர் தட்டினால் அந்தப் பட்டனைக் கிளிக் செய்ததாக அர்த்தம். முதல் பட்டன் ‘நீக்கு’ என்று இருந்தால் என்டரை இரண்டு முறை தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து. நல்ல வேளையாக, நான் ‘வேண்டாம்’ பட்டனை முதலில் வைத்திருந்தேன். யோசித்துச் செய்ததல்ல, தற்செயல்தான்.

டூ இட் என்ற பட்டன்

டயலாக் பாக்ஸைச் சரியாகச் சோதிக்காமல் மாட்டிக் கொண்டவன் நான் மட்டும் அல்ல. இந்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட லிசா கம்ப்யூட்டரைத் தயாரிக்கும்போது, டயலாக்கில் சம்மதம் சொல்லும் பட்டனில் ‘டூ இட்’ என்று எழுதியிருந்தார்களாம். ‘செய்’ என்று பொருள். வெளியாட்களைக் கூப்பிட்டுப் பயன்படுத்தச் சொன்னபோது ஒருவர் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் எரிச்சலாகி கேன்சலை அழுத்தினார். கேட்டால், “கம்ப்யூட்டர் ஏன் என்னை முட்டாள் என்கிறது?” என்றாராம். இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி போதாமல், பெரிய எழுத்து ஐ, சின்ன எழுத்து எல் போலத் தெரிந்து, ‘டோல்ட்’ என்று படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று பொருள். அதன் பிறகுதான் ‘ஓகே’ என்று மாற்றினார்கள். மேக்கின்டாஷை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவு செய்திருக்கும் சம்பவம் இது. எந்த யூனிட் டெஸ்ட்டும் இதைக் கண்டுபிடித்திருக்காது. என் அக்கா மாதிரி ஒருவர் முன்னால் உட்கார வேண்டும்.

நீங்கள் செய்து பார்க்க

உங்கள் கம்ப்யூட்டரில் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து ஏதாவது கிறுக்கி, சேவ் செய்யாமல் மேலே வலது மூலையில் உள்ள பெருக்கல் குறியைக் கிளிக் செய்திடுங்கள். சேமிக்கலாமா என்று கட்டம் வரும். இப்போது எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். கட்டம் போய்விடும், படம் அப்படியே இருக்கும். மறுபடி பெருக்கல் குறி, இந்த முறை கேன்சல் பட்டன். அதே விளைவு. இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதுதான் நியதி. கிறுக்கல் என்பதால் போனாலும் கவலையில்லை. இதுபோல ஒன்றிரண்டு முறை விளையாடிப் பார்த்தால் கட்டங்களைக் கண்டு வரும் பயம் போகும்.

எந்தப் புரோகிராமிலாவது இந்த இரண்டும் வேறு வேறாக நடந்தால், எழுதியவரிடம் சொல்லும்போது “அழிந்துவிட்டது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பட்டன், மவுஸா கீ போர்டா, கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையைப் படம் பிடித்து அனுப்பலாம். “மவுஸில் வேண்டாம் பட்டன்” என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். காதில் போட்டுக் கொள்ளாதது நான்தான்.

கல்யாணப் பெண்ணுக்கு அக்காவே போன் போட்டார். கம்ப்யூட்டர் அழித்துவிட்டது என்று சொல்லவில்லை. “எங்க கையிலருந்து உங்க அளவு தவறிருச்சும்மா” என்றார். அந்தப் பெண் நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைப் பஸ் பார்சலில் அனுப்பினார். புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்தது நான். மீதி இருவரில் ஒருவர் உள்ளூர், கடைக்கு வந்து மறுபடி அளவு கொடுத்தார். இன்னொருவர் இனிமேல் வேறு கடையில் தைத்துக் கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

புரோகிராமில் இப்போது நீக்கிய பெயர்கள் முப்பது நாள் தனி இடத்தில் இருக்கும், திரும்ப எடுக்கலாம். பென்சிலும் தொட்டியும் திரையின் எதிரெதிர் ஓரத்தில். சோதனைகள் பதினொன்று, எல்லாம் பச்சை. இதையெல்லாம் அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து பழைய நீள நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். கல்யாணப் பெண்ணின் அளவு ஜாக்கெட்டை டேப்பால் அளந்து, முதலில் நோட்டில் எழுதிக் கொண்டார். அதன் பிறகுதான் மவுஸைத் தொட்டார்.